மானிப்பாய் மருத்துவப் பள்ளி நமக்குச் சொல்லும் பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "மாணவர், ஆசிரியர் சாதனைகள்னு ஒரு தலைப்பு இருக்கு தம்பி. இருபது நிமிஷம் நீங்க பேசணும்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. நம் கல்லூரியின் சாதனைப் பட்டியல் இந்த மலரிலேயே வேறு பக்கங்களில் வருகிறது. ரேங்க் வாங்கியவர்கள், கோப்பை வாங்கியவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதையே நான் மேடையில் திரும்ப வாசித்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உங்களைத் தூங்கவைத்த பாவம் எனக்கு வந்து சேரும்.

அதனால் வேறொரு பள்ளியின் கதையைச் சொல்லப் போகிறேன். அது பொறியியல் கல்லூரி அல்ல, மருத்துவப் பள்ளி. நம் ஜில்லாவிலும் இல்லை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் என்ற கிராமத்தில் இருந்தது. காலம் நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தியது. "சிவில் படித்தவனுக்கு வைத்தியப் பள்ளியில் என்ன சோலி?" என்று நீங்கள் கேட்கலாம். சோலி இருக்கிறது. அதைச் சொல்ல, நான் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். முதல் செமஸ்டரில் ஒரு நாள், "வாட் இஸ் மொமென்டம்?" என்று வகுப்பில் கேள்வி வந்தது. முன் வரிசையில் நாலைந்து கை எழுந்தது. நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் விடுதியில் பக்கத்து அறை அண்ணன் சொன்னபோதுதான் தெரிந்தது, மொமென்டம் என்றால் உந்தம். அட, உந்தம்! நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. அதில் எத்தனை கணக்குப் போட்டிருக்கிறேன்! விடை எனக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை. இந்த அரங்கத்தில் பாதிப் பேருக்காவது இந்த அனுபவம் இருக்கும். சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

நான் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறிவிட்டேன். என் அறைத்தோழன் ஒருவன் ஏறவில்லை. பெயர் வேண்டாம். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். முதல் வருஷத்தில் அஞ்சு அரியர், இரண்டாம் வருஷத்தில் இன்னும் மூணு. ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒத்து வரலடே" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்றைக்கு ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நல்லாத்தான் இருக்கிறான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, ஏன் எரிந்தது என்று எனக்கு விளக்கினான். அத்தனை தெளிவாக யாரும் எனக்கு அந்தப் பாடத்தைச் சொன்னதில்லை. யாரையும் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் நாம் சாதனைப் பட்டியல் போடும்போது, அவன் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்ற கேள்வி எனக்கு இன்றுவரை இருக்கிறது.

இன்னொரு சம்பவம். மூன்றாம் வருஷம் நீர்ப்பாசனப் பாடத்துக்கு 'சர்ப்ளஸ் வியர்' படம் வரைந்து, தீபாவளி லீவுக்குச் சுருட்டி ஊருக்கு எடுத்துப்போனேன். அப்பா விவசாயி, அஞ்சாம் வகுப்பு. தாளைக் கட்டிலில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ஏலே, இது நம்ம குளத்து மறுகால்லா!" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா விடவில்லை. "இந்தா, இந்தக் கல்தளத்தை இவ்வளவு தூரம் நீட்டிப் போட்டிருக்கே, தண்ணி விழுந்து அடி மண்ணைப் பறிச்சிராம இருக்கத்தான?" என்று கேட்டார்கள். அந்தத் தளத்துக்கு 'ஏப்ரன்' என்று பெயர். மண் அரிப்பைத் தடுப்பதற்காக என்று ஆங்கிலத்தில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சின்ன வயசில் நாங்கள் குளித்துக் கும்மாளம் போட்டதே அந்தத் தளத்தின்மேல்தான். நான் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பெயர் தெரியாமல் நான் அதைப் படித்திருக்கிறேன்!

தாமிரபரணியில் கோடைமேல் அழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. மடை, மதகு, மறுகால், தலைமடை, கடைமடை என்று தொழிலுக்கு வேண்டிய சொற்களும் அவற்றோடு இருந்தவைதான். நம் கையிலிருந்த சொல்லும் நம் வகுப்பிலிருந்த பாடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அவ்வளவுதான் குறை.

இது மனசில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த நாளில்தான், இணைய நூலகம் ஒன்றில் பழைய புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் 'இரண வைத்தியம்'. வருஷம் 1867. அறுவை சிகிச்சை பற்றிய முழு ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கம். 1867-இல் தமிழில் சர்ஜரி யார் படித்தார்கள் என்று தேடப்போய்த்தான் மானிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பள்ளியை நடத்தியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்தவர். 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1847-இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயசு இருபத்தைந்து. இங்கே பின் வரிசையில் நிற்கிறார்களே, படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆன தம்பிகள், அவர்கள் வயசுதான். வந்த அடுத்த வருஷமே, 1848-இல், உள்ளூர்ப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கிவிட்டார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தது 1870-இல். அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்னால் ஒரு கிராமத்தில் இது நடந்திருக்கிறது.

முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக் கொடுத்தார். கூடவே தமிழும் படித்தார். படித்துத் தேறிய பையன்கள் ஆங்கிலம் தெரிந்தவர்களாகையால் அரசாங்க வேலைக்கும் வெளியூர்களுக்கும் போனார்கள். மானிப்பாயைச் சுற்றியிருந்த கிராமத்துச் சனங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? ஊரில் தங்கும் வைத்தியர் வேண்டுமானால் ஊர்ப் பேச்சில் படித்த வைத்தியர் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1858-வாக்கில் அமெரிக்காவுக்கு விடுப்பில் போய் 1862-இல் திரும்பிய பிறகு, மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

மாற்றியாயிற்று. பாடப்புத்தகத்துக்கு எங்கே போவது? இங்கேதான் மாணவர் சாதனையும் ஆசிரியர் சாதனையும் ஒன்றாகின்றன. உடலமைப்பு பற்றிய ஒரு நூலும், மவுன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூலும் 1857-க்குள்ளேயே தமிழில் வந்துவிட்டன. அடுத்து வந்தவற்றை அவரிடம் படித்த மாணவர்களே மொழிபெயர்த்தார்கள். ஆசிரியர் உடன் உட்கார்ந்து திருத்தினார். டான்ஃபோர்த், சாப்மன், பால் என்று பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிஷன் பள்ளியில் வைத்த பெயர்கள் அவை, ஆட்கள் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். டான்ஃபோர்த் 'இரண வைத்திய'த்தை மொழிபெயர்த்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூலைச் சாப்மன் 'மனுஷ அங்காதிபாதம்' என்று கொண்டுவந்தார். இன்றைக்கும் எம்.பி.பி.எஸ். பையன்கள் தலையணை மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அதே கிரேதான். லண்டனில் அது முதலில் வெளிவந்தது 1858-இல். தமிழில் வந்தது 1872-இல். இடையில் பதினாலே வருஷம்! டால்டன் எழுதிய உடலியங்கியல் நூலைப் பால் மொழிபெயர்க்க, அது 'மனுஷ சுகரணம்' என்று 1883-இல் வந்தது.

1875-இல் வந்த வேதியியல் நூலுக்குப் பெயர் 'கெமிஸ்தம்'. இது நமக்குக் கொஞ்சம் நெருங்கின சொந்தம். ஏனென்றால் அச்சானது பக்கத்து நாகர்கோவிலில், லண்டன் மிஷன் அச்சகத்தில். யாழ்ப்பாணத்து மாணவர் மொழிபெயர்த்து, அமெரிக்க ஆசிரியர் திருத்தி, நம்ம பக்கத்துத் தொழிலாளி எழுத்துக் கோத்து அச்சடித்த புத்தகம்.

இந்தத் தலைப்புகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர்கள் சொல் தேடிய வழி அதிலேயே தெரிகிறது. 'இரண வைத்தியம்' சனங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொல், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'அங்காதிபாதம்', 'சுகரணம்' வடமொழிச் சரக்கைக் கொண்டு செய்தவை. அதற்கும் வழியில்லாத இடத்தில், வெட்கப்படாமல் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ் வாலை ஒட்டிக் 'கெமிஸ்தம்' ஆக்கிவிட்டார்கள். இன்று நாம் வேதியியல் என்கிறோம், உடலியங்கியல் என்கிறோம். அவர்கள் செய்த சொற்கள் பல நிற்கவில்லை. நிற்காவிட்டால் என்ன? நல்ல சொல் கிடைத்த பிறகு பாடம் நடத்தலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லையே. கிடைத்த சொல்லை வைத்துப் பாடத்தை நடத்தினார்கள், நோயாளியைக் காப்பாற்றினார்கள். சாரம் கட்டித்தான் சுவர் எழுப்புகிறோம். சுவர் எழும்பிய பிறகு சாரத்தைப் பிரித்துவிடுகிறோம். சாரக் கம்பு வளைந்திருந்தது என்று யாராவது குறை சொல்வார்களா?

கிறீன் 1873-இல் ஊர் திரும்பினார். அதோடு விட்டுவிடவில்லை. அமெரிக்காவிலிருந்தபடியே தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' வந்த மறு வருஷம், 1884-இல் காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட அவர் கல்லறையில் எழுதியிருக்கிறது. மதம் பரப்புவதும் அவர் நோக்கத்தில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களை அவர் உருவாக்கினார். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்துகொண்டவன் ஆகமாட்டேன். கிறீன் போன பிறகு தமிழ் மருத்துவ வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. காரணம் தமிழில் பாடம் நடத்த முடியாமல் போனதல்ல. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. பையனைப் படிக்கவைக்கும் தகப்பன் வேலையைத்தான் பார்ப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியபோதும், நம் வீடுகளில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கம்பெனிக்காரன் எடுப்பானா?" தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருபது சதவீத முன்னுரிமை என்ற சட்டமும் தமிழகத்தில் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.

ஆகவே நான் "ஆங்கிலம் வேண்டாம்" என்று பேச வரவில்லை. நான் சோறு தின்பதே ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதித்தான். பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுங்கள், இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேசுங்கள். ஆனால் புரிந்துகொள்வதைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். உந்தம் என்று தெரிந்தவனுக்கு மொமென்டம் ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை யாராவது அவனுக்குக் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்து அறை அண்ணன் கொடுத்தான். என் தோழனுக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் அவன் அறையிலேயே இருந்தும் கொடுக்கவில்லை. எனக்கு என் அரியரைப் பற்றிய பயம். மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

இதே வேலையைச் செய்த பெரியவர்கள் நம் பொருநைக் கரையிலும் உண்டு. 1820-இலிருந்து பாளையங்கோட்டையில் பணி செய்த ரேனியஸ் 'பூமிசாஸ்திரம்' என்று தமிழில் புவியியல் நூல் எழுதி 1832-இல் வெளியிட்டார். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புசுவாமி தொழிலால் வக்கீல். ஆனால் வாழ்நாள் முழுக்க எளிய தமிழில் அறிவியல் எழுதினார். பாளையங்கோட்டையில் 1964-இல் வந்த சித்த மருத்துவக் கல்லூரியில் மருத்துவ நூல்களைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அடுத்த வருஷம், 1965-இல், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே ஆங்கிலத்தில் படித்து வெளிவரும் டாக்டரும், எதிரில் உட்கார்ந்திருக்கும் முக்கூடல்காரரிடம் "எப்பயிலிருந்து வலிக்கு? குத்துதா, கடுக்குதா?" என்று தமிழில்தான் கேட்டாக வேண்டும். குத்தும் வலிக்கும் கடுக்கும் வலிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் வைத்தியமே தப்பிப்போகும். நம் தொழிலும் அப்படித்தானே? சைட்டில் கொத்தனாரிடமும், கால்வாயில் லஸ்கரிடமும் நாம் பேசுவது எந்தப் பாஷை?

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் கிறீனுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர். பெண்களால் ஆகுமா என்று எல்லோரும் சந்தேகப்பட்டிருக்க, முதல் வருஷப் பரீட்சை எழுதிய பதினாலு பெண்களும் தேறினார்கள். அது எண்ணிக் காட்டக்கூடிய சாதனை. கை தட்டி மகிழ வேண்டிய சாதனை. மானிப்பாய்ச் சாதனை வேறு மாதிரி. தனக்குப் புரிந்ததை, தனக்குப் பின்னால் வரும் பையனுக்குப் புரிகிற மாதிரி மாணவன் எழுதிவைத்தான். அதற்கு ரேங்க் கிடையாது, கோப்பை கிடையாது. ஆனால் அடுத்த வருஷம் வந்த பையன் அந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தான்.

இனி, என் வேண்டுகோள். பெரிய திட்டமெல்லாம் இல்லை, மூன்றே மூன்று காரியம்.

ஒன்று, மூன்றாம் வருஷ, நாலாம் வருஷத் தம்பி தங்கையருக்கு. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், தமிழ் வழியிலிருந்து வந்த முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்காருங்கள். அந்த வாரப் பாடத்தில் வந்த ஆங்கிலச் சொற்களுக்கு, பிளஸ் டூ புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல் எது என்று சொல்லுங்கள். அது போதும். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு, முன்னாள் மாணவர்களுக்கு. நாம் ஒவ்வொருவரும் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாடத்தை, பத்துப் பக்கத்துக்கு மிகாமல், பேசுகிற தமிழில் எழுதி நூலகத்துக்குக் கொடுப்போம். சொல் கிடைக்காத இடத்தில் 'கெமிஸ்தம்' மாதிரி எழுதுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். முதல் பத்துப் பக்கத்தை நான் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். தலைப்பு, 'குளமும் மறுகாலும்'. இதை முதல்வர் அவர்களிடம் இப்போது கொடுத்துவிடுகிறேன்.

மூன்று, எல்லோருக்கும். கொத்தனார், தச்சர், லஸ்கர், லேத் பட்டறைக்காரர், மோட்டார் மெக்கானிக் இவர்கள் பேசும் தொழில்சொற்களை நோட்டுப் போட்டுச் சேர்ப்போம். அப்பா 'மறுகால்' என்று சொன்னதும் எனக்கு ஒரு படம் விளங்கிற்று. அவர்களோடு அந்தச் சொற்களும் போய்விட்டால் பிறகு எந்த அகராதியிலும் தேடிக் கிடைக்காது.

நோட்டில் முதல் பக்கம் எழுத ஆள் பார்த்துவிட்டேன். மோட்டார் காயில் பற்றி எழுத என் தோழனைக் கேட்டிருக்கிறேன். "நான் படிப்பை முடிக்காதவன், எனக்கு என்னடே தகுதி?" என்றான். "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஒன்றுகூடலுக்கு அவனையும் கூட்டி வர அனுமதிக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் மாணவன் என்பதற்குப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று விதியில் இருந்தால், செயலாளர் அண்ணாச்சி அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தித் தர வேண்டும்.

சாப்பாட்டு வாசனை இங்கே வரை வந்துவிட்டது. இதற்கு மேல் பேசினால் நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள்.